வானொலியின் நாளும் தோட்டத்தின் நாளும்

இலங்கை வானொலி 1925 இல் கொழும்பில் தோன்றி, 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ்ச் சேவை செய்தி, மாதர் நிகழ்ச்சி, நாடகம், மரண அறிவித்தல் என ஒரு நாளை வகுத்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் நாளையோ பிரட்டும் கொழுந்து நிறுவையும் வகுத்தன. பகலில் மாதர்க்கென ஒலித்தவற்றைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்டிருத்தல் அரிது. மலையில் அவர்களுக்கு அது வேலைநேரம்.

எனினும், மின்சாரம் எட்டாத லயங்களிலும் மின்கலத்தில் இயங்கிய டிரான்சிஸ்டர், எழுத்தறியாதார்க்கும் செய்தித்தாளாயிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கியது. இத்தகைய செய்தி, கேட்போருக்குத் தம் வாழ்விடம் பற்றிய தீர்ப்பேயாகும்.

ஆயின், அவர்கள் பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர். ‘லண்டன் கந்தையா’ போன்ற நாடகங்களால் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு வானொலியில் கலைத்தகுதி பெற்றது. தோட்டப் பேச்சுவழக்குக்கு அத்தகு இடம் எளிதிற் கிட்டவில்லை. எனவே ஒலிபரப்பை ஆராய்வோர் நிகழ்ச்சிகளின் பன்மையை வியப்பதோடு அமையலாகாது. எந்நேரத்தில், எவர்க்காக, எவர் மொழியில் அவை ஒலித்தன என்பதே முதன்மையான வினா எனக் கருதுகின்றோம்.