அருகம்புல்லைப் படிக்கும் படிப்பு

விடியற்காலையில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். முதல் ஷிப்டு. கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அப்படிப்பட்ட மைதானங்களிலும் முதல் ஷிப்டு விடியலில்தான் தொடங்கும். ஆட வருபவர்கள் பந்தை எடுத்து வைப்பதற்குள் புல் வெட்டி, பனி துடைத்து, குழி மாற்றி, மணலை வாரி முடித்திருக்க வேண்டும். ஒரகடத்துத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியாகிறது என்றால், இங்கே உற்பத்தியாவது புல்தரை.

அந்த உற்பத்தியை நடத்தவும், அதன்மேல் ஒரு விளையாட்டையும் வியாபாரத்தையும் நடத்தவும் தனியாக ஒரு படிப்பு உண்டு. அதற்குத் தொழில்முறை கோல்ஃப் மேலாண்மை என்று பெயர். நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படாத படிப்பு. ஆனால் இந்த வட்டாரத்துக்குக் கோல்ஃப் அந்நியம் இல்லை. 1998-இல் பாக் செ-ரி என்ற இருபது வயதுக் கொரியப் பெண் அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை வென்றார்; அவரைப் பார்த்துக் கொரியாவில் ஒரு தலைமுறையே மட்டையைத் தூக்கியது. அதே ஆண்டில்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொரிய நிறுவனமான ஹூண்டாயின் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்கள் இருக்கின்றன. அங்கே சாப்பிட வருபவர்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப்தான்.

இரண்டு வகை 'ப்ரோ'

கோல்ஃபில் தொழில்முறையாளரை 'ப்ரோ' என்பார்கள். இதில் இரண்டு வகை. போட்டிக்குப் போட்டி பயணம் செய்து, ஆடிச் சம்பாதிப்பவர் ஒரு வகை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த பெங்களூரு அதிதி அசோக் இந்த வகை. ஒரு கிளப்பில் இருந்துகொண்டு, மற்றவர்களை ஆடவைத்துச் சம்பாதிப்பவர் இரண்டாம் வகை. கற்றுக்கொடுப்பது, மட்டையை ஆளுக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பது, போட்டி நடத்துவது, விதி சொல்வது, கடை, வண்டி, கணக்கு எல்லாம் இவர் தலையில். மேலாண்மைப் படிப்பு இந்த இரண்டாம் வகைக்கானது.

பிரிட்டனில் இவர்களுக்கான சங்கம் 1901-இல் உருவானது, அமெரிக்காவில் 1916-இல். அதுவரை வாத்தியாரும் பட்டறைக்காரரும் புல்வெட்டியும் ஒரே ஆள்தான். குருகுல முறையில் ஒருவரிடம் இருந்து தொழிலைக் கற்றார்கள். பல்கலைக்கழகத்துக்குள் இதை முதலில் கொண்டுவந்தது மிச்சிகன் மாநிலத்தின் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம், 1975-இல். நான்கரை ஆண்டு அளவுக்கு நீளும் அந்தப் படிப்பில் பதினாறு மாதம் மைதானங்களில் நேரடி வேலைப் பயிற்சி. கூடவே ஆட்டத் தேர்வும் உண்டு. நெடுங்காலமாக அது ஒரே நாளில் 36 குழிகள் ஆடிக் காட்டுவதாக இருந்தது. மைதானத்தின் கடினத்துக்குத் தரப்படும் எண்ணை இரட்டித்து, 15 கூட்டினால் வருவது தேர்ச்சி எல்லை. எண் 72 என்றால் 159 அடிகளுக்குள் முடிக்க வேண்டும். உலகச் சாம்பியன் ஆகத் தேவையில்லை; நன்றாக ஆடத் தெரிந்தவர் என்று நிரூபித்தால் போதும்.

வரப்பிலிருந்து மைதானத்துக்கு

இந்தத் தொழிலின் அடித்தளம் புல். வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா புல். அறிவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். நம் வீட்டில் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் இதுவேதான்! 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடும் குணத்துக்காகத்தான் மைதானக்காரர்களும் இதைத் தேடிப் பிடித்தார்கள். தரைக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு என்று இரண்டு வழியிலும் பரவும். மேலே எவ்வளவு வெட்டினாலும் கணுக்கள் தரையோடு பத்திரமாக இருப்பதால் மறுபடி துளிர்க்கும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்த கிளென் பர்ட்டன், இந்த அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்தார். மெல்லிய இலை, அடர்ந்த தரை, விதையில்லாத மலட்டுப் புல் கிடைத்தது. நாற்று நடுவதுபோலத் தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் அதைப் பரப்ப முடியும். 1965-இல் வெளியான டிஃப்ட்வார்ஃப் ரகம் அப்படிப்பட்ட ஒட்டுப் புல் ஒன்றில் இயற்கையாக நேர்ந்த மாற்றத்திலிருந்து வந்தது. இதே பர்ட்டன் கம்புப் பயிரிலும் ஆய்வு செய்தவர். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வழியைக் கொண்டுதான் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு, எச்.பி.1, அதே 1965-இல் வெளிவந்தது. பணக்காரர் ஆட்டத்துக்கான புல்லும் ஏழை வீட்டுக் கூழுக்கான கம்பும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன.

மண்ணுக்குள் ஒரு தந்திரம்

குழி இருக்கும் இடத்துக்குப் பெயர் 'கிரீன்'. அங்கே புல்லின் உயரம் 3 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வரும் உயரத்தைவிடக் குறைவு. சிக்கலும் இங்கேதான். இலை குட்டையானால் சூரிய ஒளியில் சமைக்கும் உணவு குறையும். உணவு குறைந்தால் வேர் மேலோடு நின்றுவிடும். வேர் ஆழம் இல்லாத புல்லைப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆட வருபவருக்குக் குட்டையான புல் வேண்டும், புல்லுக்கு நீளமான இலை வேண்டும். இருவருக்கும் நடுவே நின்று பேரம் பேசுவதுதான் மைதான மேலாளரின் அன்றாட வேலை.

அதற்கு உதவ, கிரீனின் அடிமண்ணையே மாற்றி அமைக்கிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வகுத்த முறைப்படி, அடியில் வடிகால் குழாய், அதன்மேல் 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. மணல் என்றால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுமே என்று தோன்றும். கொடியில் காயும் வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலெல்லாம் உலர்ந்த பிறகும் கீழ்க்கரையில் ஈரம் தங்கியிருக்கும். மணலின் நுண்ணிய இடுக்குகள் அப்படித்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஜல்லியின் அகன்ற இடைவெளிக்குள் அது உடனே இறங்காது. மணல் தாங்காத அளவுக்கு மழை கொட்டினால் மட்டும் மிச்சம் ஜல்லி வழியே குழாய்க்குப் போகும். வெயில் நாளில் தொட்டி, மழை நாளில் வடிகால்.

நெசவாலை தந்த இயந்திரம்

இவ்வளவு குட்டையாக வெட்ட, வீட்டுத் தோட்டத்துச் சுழல்கத்தி உதவாது. உருளையில் பொருத்திய வளைந்த கத்திகள் சுழன்று, கீழே அசையாமல் நிற்கும் ஒரு பட்டைக் கத்தியை ஒட்டிக் கடக்கும்போது புல் கத்தரிக்கோலில் மாட்டியதுபோல் நறுக்கென்று வெட்டுப்படும். இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், ஆண்டு 1830. கம்பளித் துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை இது. காஞ்சிபுரத்துக்காரர்கள் பெருமைப்படலாம்; புல்வெட்டியின் தாய்வீடு நெசவுத் தொழில்தான்.

இரண்டு கத்திகளுக்கும் இடையே விடும் இடைவெளி தாள் கனம்கூட இருக்காது. அது பிசகினால் புல் நறுக்கப்படாமல் கிழியும். கிழிந்த நுனி பழுத்து, மைதானமே வெளிறித் தெரியும். மெக்கானிக் ஒரு காகிதத் துண்டைக் கத்திக்குள் கொடுத்து, சுத்தமாக வெட்டுகிறதா என்று சோதிப்பார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பிடித்துப் பழகிய சுங்குவார்சத்திரத்து டிப்ளமோ பையனுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

தரச் சோதனையும் உண்டு. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர், ஒரு போட்டியில் பந்து கிரீனில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, அந்த வேகத்தை அளக்க ஒரு கருவி செய்தார். மூன்றடி நீளப் பட்டை, நடுவே பள்ளம். ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையைத் தூக்கினால், சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக உருளும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீனின் வேகம். எதிர்த்திசையிலும் உருட்டிச் சராசரி எடுப்பார்கள். இன்று வேகம் ஒன்பது, நாளை பத்து என்று பதிவேட்டில் ஏறும்.

கேடிகளின் பள்ளிக்கூடம்

இந்தியாவுக்குக் கோல்ஃப் புதிது அல்ல. கல்கத்தாவின் ராயல் கிளப் 1829-இல் தொடங்கியது; பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் இல்லை. ஆனால் நம்மவர்கள் இந்தத் தொழிலுக்குள் வந்த வழி வேறு. ஆடுபவரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவருக்கு 'கேடி' என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். இந்தக் கேடிகளோ ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர்கள். 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், கேடியாக இருந்தவர். 2009-இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படியே. 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்ற சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர்.

இன்று கற்றுக்கொடுக்க விரும்புபவர்களுக்குச் சான்றிதழ் வழி இருக்கிறது. 1955-இல் தொடங்கிய இந்தியன் கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி, பயிற்றுநர்களுக்குத் தரவாரியாகப் பயிற்சி தருகிறது. புல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் படிப்பு இருக்கிறது, இயந்திரத்துக்கு பாலிடெக்னிக், கிளப் நிர்வாகத்துக்கு ஓட்டல் மேலாண்மை. அமெரிக்கர்கள் ஒரே பட்டத்தில் கட்டித் தருவதை நாம் நான்கு இடங்களில் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரும் நிலமும்

பாடத்திட்டத்தில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைச் செய்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். முதல் கேள்வி தண்ணீர். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 4,000 லிட்டர். கோடை நாளில் 5 மில்லிமீட்டர் வீதம் அறுபது ஏக்கர் புல்லுக்கு என்றால் 12 லட்சம் லிட்டர். ஏரித் தண்ணீரை நம்பி நெல் நடும் ஊரில் இதை நியாயப்படுத்த முடியாது. சுத்திகரித்த கழிவுநீர்தான் வழி. இதில் நம் வட்டாரமே முன்மாதிரி: கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2019 முதல் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள்.

இரண்டாவது கேள்வி நிலம். கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. பந்தய மைதானத்தின் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலக் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து, வாயிலுக்குச் சீல் வைத்தது. நகரத்துக்கு நடுவே சிலர் மட்டும் ஆடும் பச்சை எதற்கு என்று மக்கள் கேட்கும் காலம் இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறக்காத, மழைநீரைத் தேக்காத மைதானத்தை எந்த மேலாளராலும் நெடுநாள் காப்பாற்ற முடியாது.

ஆகவே, இந்தத் தொழிலில் ஆர்வம் வந்த இளைஞருக்கு ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் கொடுத்து மட்டை வாங்குவதற்கு முன், ஏதாவது ஒரு மைதானத்தில் அனுமதி கேட்டு ஒரு மாதம் விடியற்காலை வேலைக்குப் போய்ப் பாருங்கள். 108 மில்லிமீட்டர் அகலக் குழியை ஈரத் தரையில் நேராக வெட்டி, பழைய குழியைத் தடம் தெரியாமல் மூடக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வேலை பிடித்திருந்தால் படிப்பில் சேரலாம். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம்தான் போயிருக்கும், கட்டணம் எதுவும் போயிருக்காது.