வாய் திறக்காத பிள்ளையிடம் கேட்க வேண்டியது

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமா நான். வகுப்பு அஸருக்குப் பிறகு. அத்தாமார்களில் பலர் ஷிப்டு வேலைக்காரர்கள். மகள் பத்தாவது முடித்ததும் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: “மாமி மவன்தான் இருக்கானே, புள்ள நம்ம கண்ணு முன்னாடியே இருக்கும்.” சொந்தத்தில் கட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளையிடம் கேட்டார்களா?

கன்ஸா பின்த் கிதாமின் வரலாற்றை நான் தவறாமல் நடத்துகிறேன். விருப்பமில்லாத இடத்தில் தந்தை மணமுடித்துவைக்க, அவர் நபிகள் நாயகத்திடம் (ஸல்) முறையிட்டார். அந்த நிக்காஹ் ரத்தானது. புகாரியில் இருக்கிறது. “அவங்க ஏற்கெனவே கல்யாணமானவங்க, கன்னிப்புள்ளைக்கு அது பொருந்தாது” என்று ஒரு அத்தா வாதிட்டார். அபூதாவூதை எடுத்துக் காட்டினேன். தந்தை கட்டாயப்படுத்தியதாக வந்து சொன்ன கன்னிப்பெண்ணிடமே முடிவை விட்டார்கள் நபியவர்கள்.

ஷாஃபி மத்ஹபு நூல்கள் கன்னிப்பெண்ணின் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் தருகின்றன, உண்மை. அவளைக் கேட்பது சுன்னத் என்பதும், மகளோடு பகை உள்ள தந்தைக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதும் அதே நூல்களில்தான் இருக்கின்றன. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண்ணை யாரும் கட்டாயப்படுத்தவே முடியாது. வீடுகளிலோ ‘கன்னியின் மௌனம் சம்மதம்’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அது வெட்கப்படுகிற பிள்ளைக்குச் சொன்னது. வாசலில் பிரியாணி வெந்துகொண்டிருக்க, நிக்காஹ் வக்கீலும் சாட்சிகளும் உள்ளே வந்து “சம்மதமா?” என்றால், பயந்துபோன பிள்ளை என்ன சொல்லும்?

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவின் பள்ளிப் படிப்பை 13 வயதில் நிறுத்தினார்கள். பிறகு விரும்பாத கல்யாணம். ஒளித்து ஒளித்து எழுதியவர், 2025-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். எல்லாப் பிள்ளைக்கும் அந்த வழி வாய்க்காது.

சட்டமும் துணை நிற்கிறது. 15 வயதுக்குள் கட்டிவைக்கப்பட்ட முஸ்லிம் பெண், தாம்பத்தியம் நடக்காதிருந்தால், 18 வயதுக்குள் அந்த மணத்தை மறுத்து விவாகரத்துப் பெறலாம் என்று 1939-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015-ல் தீர்ப்பளித்தது.

ஜமாஅத் பெரியவர்களே, நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் பெயர் எழுதுவதற்குச் சில வாரம் முன்பே, அத்தா அம்மா பக்கத்தில் இல்லாமல், ஒரு பெண்ணை அனுப்பி அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகளே, கேட்க யாரும் வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். 18 தாண்டியிருந்தால் பெண்கள் உதவி எண் 181. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.