வெயில் இல்லாத நாளிலும் உருகும் பனியாறு

"வெயிலே இல்லையே அப்பா, பிறகேன் இது உருகுது?"

சுவிற்சர்லாந்தின் கிழக்கே, மோர்ட்டராட்ஷ் பனியாற்றின் மேல் நின்றுகொண்டு என் மகள் கேட்ட கேள்வி இது. ஓகஸ்ட் மாதம். வானம் முழுக்க முகில். ஆனாலும் எங்கள் காலடியில், பனிக்கட்டியின் மேலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வன்னியில் சில வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். "காற்று சூடாக இருக்குது, அதுதான்" என்று சொல்லிச் சமாளித்தேன். பதில் பிழையில்லை, ஆனால் போதாது. வீட்டுக்கு வந்து வாசித்த பிறகுதான் அது எவ்வளவு போதாது என்று விளங்கியது.

காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். கம்பளி உடுப்புக்குள் அடைபட்ட காற்றுத்தான் எங்களைக் குளிரிலிருந்து காக்கிறது. உருகும் பனிக்கட்டியின் மேற்பரப்பு 0 பாகையைத் தாண்டாது. தலை உயரத்தில் காற்று 8 பாகையாக இருந்தாலும், பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து, பாரமாகி, ஒரு போர்வைபோல அங்கேயே கிடக்கும். அந்தப் போர்வை கலையாவிட்டால் மேலேயுள்ள சூடு கீழே வந்து சேராது. தேத்தண்ணியை நாங்கள் ஊதி ஆற்றுவதும் இதே காரணத்தால்தான். மேலே தேங்கி நிற்கும் சூடான காற்றை ஊதிக் கலைக்கிறோம். இங்கே நடப்பது அதன் மறுபக்கம்.

கலைப்பது காற்றோட்டம். ஆனால் அது எவ்வளவு கலைக்கும் என்பது தரையைப் பொறுத்தது. சோளகம் வீசும் நாட்களில் அறுவடை முடிந்த வயல்வெளியில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும். அதே காற்று வேலியிலும் பனங்கூடலிலும் மோதினால் சுழன்று புழுதியைக் கிளப்பும். பனியாற்றிலும் மேடுபள்ளங்களில் மோதும் காற்று சுழல்களாக உடைகிறது. அந்தச் சுழல்கள் மேலேயுள்ள சூடான காற்றைக் கீழே இறக்கி, குளிர்ந்ததை மேலே ஏற்றுகின்றன. இதைத்தான் கொந்தளிப்பு வெப்பப் பரிமாற்றம் என்கிறார்கள். காற்றுக்காகப் பனியாறு வெளியே பார்த்திருக்கவும் தேவையில்லை. குளிர்ந்து பாரமான காற்று சரிவில் தானே வழிந்திறங்கும். கோடையில் பனியாற்றில் நின்றால் மேலிருந்து முகத்தில் அடிப்பது அதுதான்.

இந்தக் கரடுமுரடுக்கு ஒரு எண் உண்டு. 'கரடுமுரடு நீளம்' என்று சொல்லலாம். அது மேடுகளின் உயரம் அல்ல. தரையை நெருங்க நெருங்கக் குறையும் காற்றின் வேகம், கணக்கின்படி பூச்சியமாகும் உயரம். புதிதாக விழுந்த பனியில் அது ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. சாதாரண பனிக்கட்டியில் ஒரு சில மில்லிமீற்றர். பெரிய முண்டுகளும் முகடுகளும் உள்ள இடத்தில் பல சென்ரிமீற்றர். இந்த எண் பத்து மடங்கானால், கணக்கில் வரும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்காகலாம்.

சிக்கல் இங்கேதான். ஒரே பனியாற்றில் யூன் மாதம் வழுவழுப்பாக இருக்கும் இடம் ஓகஸ்ட்டில் முழங்கால் உயர முண்டுகளாக மாறிவிடும். உருகுவதே மேற்பரப்பைக் கரடாக்குகிறது. ஆனால் பல கணக்கீடுகள் முழுப் பனியாற்றுக்கும் முழுக் கோடைக்கும் ஒரே எண்ணையே போட்டுவிடுகின்றன. அளப்பதும் இலகுவல்ல. கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் காற்றுமானிகளைப் பூட்டினால், கம்பம் நிற்கும் நிலமே நாளுக்கு நாள் உருகி இறங்குகிறது! மோர்ட்டராட்ஷில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 1995 இல் ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை அமைத்தது. பனிக்கட்டியின் மேல் கால் ஊன்றி நின்று, அதனோடு சேர்ந்து இறங்கும் நிலையம். இப்போது ட்ரோன் படங்களிலிருந்து முண்டுகளின் உயரத்தையும் முகப்பையும் கணக்கிட்டு அந்த எண்ணை மதிப்பிடுகிறார்கள்.

அல்ப்ஸில் உருகலுக்கான வெப்பத்தில் பெரும்பங்கு சூரியனுடையதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் முகில் மூடிய, ஈரமான, காற்றடிக்கும் நாட்களிலும் இரவுகளிலும் காற்றின் பங்கு மேலெழும். ஈரம் இன்னும் மோசம். ஒரு கிலோகிராம் நீராவி பனியின் மேல் ஒடுங்கி நீரானால், அது வெளிவிடும் மறைவெப்பம் ஏழு கிலோகிராமுக்கு மேல் பனிக்கட்டியை உருக்கப் போதும். எங்கள் சப்பாத்துக்கடியில் ஓடிய தண்ணீரில் ஒரு பங்கு இப்படி வந்ததாக இருக்கலாம். அந்தீஸ், இமயம் போன்ற இடங்களின் வறண்ட உச்சிகளில் கதை தலைகீழ். அங்கே காற்று பனியை நேரடியாக ஆவியாக்கி, அதிலிருந்து வெப்பத்தைப் பறித்துக் குளிர்விக்கிறது. அதனால் உருகுவதற்கு மிஞ்சும் வெப்பம் குறைகிறது.

சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே வருடங்களில் தங்கள் கனவளவில் பத்திலொரு பங்கை இழந்தன. ரோன் பனியாற்றின் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்துகிறார்கள். போர்த்திய இடத்தில் உருகல் குறைகிறதுதான். ஆனால் ஒரு பனியாறு முழுவதையும் யார் போர்த்துவது? இனி எவ்வளவு பனி மிஞ்சும், கோடையில் ஆறுகளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்குகளுக்குள் அந்த மில்லிமீற்றர் எண்ணும் இருக்கிறது.

மோர்ட்டராட்ஷ் புகையிரத நிலையத்திலிருந்து போகும் பாதையில், பனியாற்றின் முனை எந்த வருடம் எங்கே இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். நான் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூறுகளில். திரும்பி வரும்போது மகள் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். அந்த வருடங்களின் பலகைக்கு வந்து சேர நெடுநேரம் நடந்தோம். அவ்வளவு தூரமும் வெறும் கல்லும் மண்ணும்தான்.