நாமக்கல் வட்டார லாரிக் கூண்டுத் தொழிலும் பணிச்சூழலியல் பயிற்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதரின் உடலளவு, ஆற்றல், அறிதிறன் ஆகியவற்றுக்கு ஏற்பப் பணியையும் கருவியையும் பணியிடத்தையும் அமைக்கும் அறிவுத்துறை பணிச்சூழலியல் எனப்படுகிறது. இந்தியாவில் இத்துறைக்கான தொழில்முறைப் பயிற்சி பெரும்பாலும் பட்டமேற்படிப்பு நிலையிலேயே கிடைக்கிறது. ஆனால் நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் வட்டாரத்தில் கட்டப்படும் லாரிகளில் ஓட்டுநர் இருக்கையின் உயரம், கண்ணாடியின் கீழ்விளிம்பு, ஏறுபடியின் அளவு ஆகியவற்றைத் தீர்மானிப்பவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். வடிவமைப்பு முடிவு எடுக்கப்படும் இடத்திற்குப் பயிற்சி சென்று சேரவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பணிச்சூழலியல், மனிதக் காரணிப் பொறியியல், உடலளவையியல், லாரிக் கூண்டு, தொழிற்பயிற்சி, நாமக்கல்.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம், முட்டைக்கும் லாரிக்கும் நாடறிந்தது. லாரி உடைமை, சரக்குப் போக்குவரத்து, எரிவாயு டேங்கர் இயக்கம் ஆகியவற்றுடன் லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலும் இங்கு வளர்ந்துள்ளது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடு தனிப்பெயர் பெற்றது. இத்தொழில்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருளியல் நோக்கிலேயே அமைகின்றன. ஒரு லாரியின் ஓட்டுநர் அறை என்பது ஒருவர் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்து உழைக்கும் பணியிடம் என்ற நோக்கில் அதனை அணுகினால், கூண்டு கட்டுபவர் ஒரு பணியிட வடிவமைப்பாளர் என்பது விளங்கும். அவருக்கு எத்தகைய பயிற்சி தேவை என்பதே இக்கட்டுரையின் வினா.

துறையின் தோற்றமும் அடிப்படைக் கருத்தும்

உழைப்பு, விதி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்குப் பெயரிட்டவர் போலந்து அறிஞர் வோய்சியெக் யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி. அவரது கட்டுரை 1857-இல் வெளிவந்தது. ஆயினும் தனித்துறையாக இது உருப்பெற்றது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான். பிரித்தானியாவில் ஹைவெல் முரெல் முதலியோரின் முயற்சியால் 1949-இல் இதற்கென ஆய்வுக் கழகம் தோன்றியது. அமெரிக்காவில் இத்துறை மனிதக் காரணிப் பொறியியல் என்ற பெயரில் வளர்ந்தது. இன்று இரு பெயர்களும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. பன்னாட்டுப் பணிச்சூழலியல் சங்கம் இத்துறையை உடல்சார்ந்தது, அறிதல்சார்ந்தது, அமைப்புசார்ந்தது என மூன்றாகப் பகுக்கிறது.

போர்க்கால நிகழ்வு ஒன்று இத்துறையின் அடிப்படைக் கருத்தைத் தெளிவாக்கும். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பாதுகாப்பாகத் தரையிறங்கிய பின்னர், விமானிகள் இறக்கை மடிப்பை இயக்குவதற்கு மாறாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடும் விபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. அவை விமானியின் பிழை எனக் கருதப்பட்டன. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், இரு விசைகளும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்து இருந்ததைக் கண்டறிந்தார். சக்கர விசையின் நுனியில் சக்கர வடிவத்தையும் மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது. பிழை விமானியின் கையில் வெளிப்பட்டாலும் அதன் வேர் வடிவமைப்பில் இருந்தது.

நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளில் “ஓட்டுநரின் கவனக்குறைவு”, “தூக்கக் கலக்கம்” என்னும் தொடர்கள் காரணங்களாக நின்றுவிடுகின்றன. பணிச்சூழலியல் அவற்றைக் காரணமாகக் கொள்வதில்லை. காரணம் தேடத் தொடங்கும் இடமாகக் கொள்கிறது.

கூண்டு கட்டும் தொழிலில் வடிவமைப்பு முடிவுகள்

உற்பத்தி நிறுவனங்களிடமிருந்து லாரிகள் இருவகையாக வருகின்றன. முதல் வகையில் எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங் ஆகியவற்றுடன் சேசிஸ் மட்டும் வரும். கேபின் எனப்படும் ஓட்டுநர் அறையையும் சுமைக்கூண்டையும் பட்டறையில் கட்டுவர். இரண்டாம் வகையில் கேபின் தொழிற்சாலையிலேயே முழுமையாக்கப்பட்டிருக்கும். சுமைக்கூண்டு மட்டும் பட்டறையில் கட்டப்படும். இரண்டாம் வகை பெருகிவரினும், அதிலும் படுக்கை, பொருள் வைக்கும் தட்டு, கூடுதல் விளக்குகள், அலங்காரம் முதலியவை பட்டறையில் சேர்க்கப்படுகின்றன.

பட்டறையில் தச்சர், வெல்டர், தகடு அடிப்பவர், மின்பணியாளர், குஷன் தைப்பவர், பெயின்டர் எனப் பலர் தத்தம் பகுதியை முடித்துத் தருகின்றனர். ஒவ்வொருவர் முடிவும் ஓட்டுநரின் உடலைத் தொடுகிறது. இருக்கையின் அடிச்சட்டத்தை வெல்டர் ஓர் உயரத்தில் நிறுத்துகிறார். அதன்மேல் குஷன் தைப்பவர் மேலும் சில சென்டிமீட்டர் உயர்த்துகிறார். இவ்விரண்டின் கூட்டுத்தொகையே ஓட்டுநரின் காலுக்கும் பெடலுக்கும், கண்ணுக்கும் சாலைக்கும் உள்ள உறவைத் தீர்மானிக்கிறது. அக்கூட்டுத்தொகையைக் கணக்கிடும் பொறுப்பு எவரிடமும் தனியே ஒப்படைக்கப்படுவதில்லை. பணம் கொடுப்பவர் உரிமையாளர். அமர்பவர் பெரும்பாலும் வேறொருவர். ஆகவே பட்டறைக்குச் சொல்லப்படும் தேவைகளில் சுமையளவும் செலவும் தோற்றமும் முன்னிற்க, அமர்பவரின் தேவை பின்தங்குகிறது.

சட்ட நிலையில் மாற்றங்கள் வந்துள்ளன. லாரி கேபின், சுமைக்கூண்டு, டிரெய்லர் ஆகியவற்றின் கட்டுமானத்துக்கும் ஒப்புதலுக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்னும் வாகனத் தரநிலை உள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் என்2, என்3 வகை லாரிகளில், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில், கேபினுக்குக் குளிரூட்டும் வசதி வேண்டும் என 2023 டிசம்பரில் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. தரநிலை ‘எது வேண்டும்’ என்று கூறும். ‘ஏன், எவ்வாறு’ என்பவற்றைப் பயிற்சிதான் கற்பிக்க முடியும்.

பயிற்சியின் பாடப்பொருள்: மூன்று எடுத்துக்காட்டுகள்

அ) அளவு: சராசரி என்னும் பொறி

‘நடுத்தர ஆளுக்குச் சரியாக இருந்தால் போதும்’ என்பது பட்டறைகளிலும் பொறியியல் வகுப்புகளிலும் பரவலாகக் காணப்படும் எண்ணம். அமெரிக்க விமானப்படையின் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் பத்து உடலளவுகளை ஆராய்ந்தபோது, பத்திலும் சராசரி எல்லைக்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை எனக் கண்டார். அவரது அறிக்கை 1952-இல் வெளிவந்தது. எனவே பணிச்சூழலியல் சராசரியை விடுத்து, 5 முதல் 95 வரையிலான நூற்றுமான எல்லையைக் கருத்தில் கொள்கிறது.

ஒரு பயிற்சிக் கணக்கைக் காணலாம். முழங்கால் மடிப்பின் உயரச் சராசரி 42 செ.மீ., திட்டவிலக்கம் 2.5 செ.மீ. எனக் கொள்வோம். 5-ஆம் நூற்றுமானம் 42 - (1.645 × 2.5), அதாவது ஏறத்தாழ 37.9 செ.மீ.; 95-ஆம் நூற்றுமானம் 46.1 செ.மீ. இருக்கையை 42 செ.மீ. உயரத்தில் அசையாமல் பொருத்தினால், குட்டையானவரின் தொடையின் அடிப்பகுதி இருக்கை விளிம்பில் அழுந்தும். நெட்டையானவரின் முழங்கால் மேலெழுந்து அடிமுதுகு வளையும். இருவருக்கும் பொருந்த ஏறத்தாழ 8 செ.மீ. ஏற்றி இறக்கும் அமைப்பு தேவை என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. இந்தியருக்கான உடலளவுத் தரவுகளைத் தேவகுமார் சக்கரவர்த்தி தொகுத்து, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட நூல் இவ்வகைக் கணக்குகளுக்கு அடிப்படையாகப் பயன்படுகிறது.

ஆ) பார்வை: பத்து சென்டிமீட்டரின் விலை

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2.4 மீ. உயரத்திலும், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு 1.8 மீ. உயரத்திலும், இரண்டிற்கும் இடையே கிடைத்தொலைவு 0.8 மீ. ஆகவும் உள்ளன எனக் கொள்வோம். வடிவொத்த முக்கோண விதிப்படி, அவர் பார்வை தரையைத் தொடும் இடம் கண்ணிலிருந்து 0.8 × 2.4 ÷ 0.6, அதாவது 3.2 மீ. தொலைவில் அமையும். அக்கீழ்விளிம்பின்மேல் சாமி படம் வைக்கும் தட்டோ அலங்காரப் பலகையோ 10 செ.மீ. உயரத்திற்குப் பொருத்தப்பட்டால், அத்தொலைவு 0.8 × 2.4 ÷ 0.5, அதாவது 3.84 மீ. ஆகிறது. பத்து சென்டிமீட்டர் உயர்வு சாலையில் 64 சென்டிமீட்டரை மறைக்கிறது. வண்டியின் முன்னால் குறுக்கிடும் ஒரு குழந்தையை மறைக்க அவ்விடம் போதும். சாமி படத்தை அகற்றச் சொல்வது இப்பாடத்தின் நோக்கமன்று. பார்வைக்கோட்டைத் தடுக்காத இடத்தில் தட்டைப் பொருத்தக் கற்பிப்பதே நோக்கம்.

இ) அதிர்வு: மென்மை வேறு, தடுப்பு வேறு

அமர்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வை ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லையில் மிகுதியாக உணர்கிறது. முழுவுடல் அதிர்வை அளவிட ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேரப் பணிக்கு நடவடிக்கை எடுக்கவேண்டிய அளவாக நொடிவர்க்கத்துக்கு 0.5 மீட்டரையும், மீறக்கூடாத அளவாக 1.15 மீட்டரையும் வகுத்துள்ளது.

குஷனைத் தடிமனாக்கினால் குலுக்கல் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஓர் அமைப்பு தன் இயல் அதிர்வெண்ணைப்போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்களை மட்டுமே தணிக்கும். இயல் அதிர்வெண்ணை ஒட்டியவற்றை அது பெருக்கும். ஆளமர்ந்த குஷனின் இயல் அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ் என்றால், உடலுக்கு ஊறு விளைக்கும் எல்லையின் தொடக்கத்திலேயே அது அதிர்வைப் பெருக்கிவிடும். 1.5 ஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் சஸ்பென்ஷன் இருக்கையோ ஏறத்தாழ 2.1 ஹெர்ட்ஸிலிருந்தே தணிக்கத் தொடங்கும். தொட்டுப் பார்க்கையில் மென்மையாகத் தோன்றுவது முதுகெலும்பைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கூண்டு கட்டுபவரின் உடல்

பட்டறையும் ஒரு பணியிடமே. குத்தவைத்து வெல்டிங் செய்தல், தலைக்குமேல் கை தூக்கித் தகடு பொருத்துதல், கிரைண்டரின் அதிர்வைக் கையில் தாங்குதல், வெயிலில் காய்ந்த இரும்புச் சட்டங்களைத் தூக்குதல் ஆகியவை அன்றாடப் பணிகள். இவற்றை மதிப்பிட எளிய கருவிகள் உள்ளன. 1993-இல் மெக்ஆட்டம்னி, கார்லெட் ஆகியோர் வெளியிட்ட ரூலா முறை, கை, கழுத்து, முதுகு ஆகியவற்றின் நிலையைப் பார்த்து மதிப்பெண் இடுகிறது. தாளும் எழுதுகோலும் போதும். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனத்தின் தூக்குதல் சமன்பாடு, மிகச் சாதகமான நிலையிலும் 23 கிலோவையே மேல் எல்லையாகக் கொண்டு, தொலைவு, உயரம், திருப்பம் ஆகியவற்றுக்கேற்ப அதனைக் குறைக்கிறது.

சட்டப் பாதுகாப்பு இங்கு மெலிதாகவே எட்டுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை பயன்படுத்தும் இடங்களில் 10 தொழிலாளர், பயன்படுத்தாத இடங்களில் 20 தொழிலாளர் என எல்லை வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அவ்வெல்லையை முறையே 20, 40 என உயர்த்தியது. ஆகவே சிறு பட்டறையைத் தொழிற்சாலை ஆய்வாளரைவிடப் பயிற்சியே எளிதில் சென்றடையும்.

பயிற்சியின் இன்றைய நிலையும் தேவையும்

தொழில்முறைப் பணிச்சூழலியலாளர் என்ற தகுதிக்கு மேலைநாடுகளில் முறையான சான்றளிப்பு உண்டு. அமெரிக்காவில் அதற்கான வாரியம் 1990-இல் தோன்றியது. இந்தியாவில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புத் துறைகள், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறை ஆகியவை இத்துறையை வளர்த்தன. மும்பையிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனமும் சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் தொழிற்பாதுகாப்புப் பயிற்சி அளிக்கின்றன. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், ஒரு மரபுத்தொழிலுக்கு அதன் களத்திலேயே உயர்கல்வி அமைக்க முடியும் என்பதற்குச் சான்றாக உள்ளது. கூண்டுத் தொழிலுக்கு அவ்வழியில் மூன்று நிலைகளில் பயிற்சியை வகுக்கலாம்.

முதல் நிலை, பட்டறைத் தொழிலாளருக்கானது. இருக்கை, பார்வை, ஏறுபடி, தூக்குதல் ஆகிய நான்கு பாடங்களை, அளவுநாடாவும் மாதிரிச் சட்டமும் கொண்டு பட்டறையிலேயே கற்பிக்க வேண்டும். இரண்டாம் நிலை, தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயில்வோருக்கானது. நூற்றுமானக் கணக்கு, ரூலா மதிப்பீடு, வரைபடத்தில் பார்வைக்கோடு இடுதல் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாம் நிலை, பொறியியல் மாணவருக்கும் ஆசிரியருக்குமானது. அதிர்வையும் வெப்பத்தையும் கருவிகொண்டு அளந்து, பெற்ற தரவைப் பட்டறைக்குத் திருப்பித் தரும் களப்பணி இதன் மையமாக வேண்டும்.

மூன்று நிலைக்கும் இரண்டு தேவைகள் பொதுவானவை. ஒன்று, ஓட்டுநரின் பங்கேற்பு. கேபின் முழுமையாவதற்கு முன், உயரம் வேறுபட்ட மூன்று ஓட்டுநரை மாதிரிச் சட்டத்தில் அமரவைத்துச் சோதிப்பது செலவில்லாத முறை. வெல்டிங் முடிந்தபின் திருத்துவதே செலவுடையது. மற்றொன்று, மொழி. ‘நூற்றுமானம்’, ‘திட்டவிலக்கம்’ ஆகிய சொற்கள் பள்ளிக் கணிதத்திலேயே தமிழில் அறிமுகமானவை. ‘கூண்டு’, ‘சேசிஸ்’, ‘குஷன்’ ஆகியவை பட்டறையில் வேரூன்றியவை. இவ்விரு சொற்றொகுதிகளையும் ஒரே பாடநூலில் இணைக்கும் பணி தமிழ் ஆய்வுலகைச் சார்ந்தது. பட்டறைச் சொல்லை விலக்கிப் புதுச்சொல் புனைந்தால் பாடநூல் வகுப்பறையிலேயே தங்கிவிடும்.

பயிற்சியின் எல்லையும் குறிக்கத்தக்கது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பணிநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி எனப் பொதுவாக வரையறுத்தது. இருக்கை எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், நடைக் கணக்கில் கூலி பெற்று இரவு பகலாக ஓட்டுபவரின் சோர்வை அது நீக்காது. பணிச்சூழலியலின் மூன்றாம் பகுதியாகிய அமைப்புசார் பணிச்சூழலியல் இதைத்தான் பேசுகிறது. அப்பாடம் சேரவேண்டிய இடம் லாரி உரிமையாளர் சங்கங்கள்.

முடிவுரை

மனிதக் காரணிப் பொறியியல் இந்தியாவில் பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனங்களில் வளர்ந்த துறை. அது கையாளும் முடிவுகளோ நாமக்கல் வட்டாரத்தில் வெல்டரின் கையிலும் குஷன் தைப்பவரின் ஊசியிலும் உள்ளன. இருக்கை உயரம், கண்ணாடி விளிம்பு, குஷனின் தன்மை ஆகிய மூன்றும் பள்ளிக் கணிதமும் அடிப்படை இயற்பியலும் கொண்டு விளக்கத்தக்கவை என்பதை மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. எனவே பட்டறைத் தொழிலாளருக்கு இத்துறை கடினமானது என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று. களத்திலேயே, தமிழில், ஓட்டுநரை உடன்கொண்டு அமையும் பயிற்சி, தரநிலைகளின் எழுத்தை இருக்கையின் அளவாக மாற்றும். இவ்வட்டார ஓட்டுநரின் உடலளவுத் தரவைத் திரட்டுவது அதன் முதற்படியாகலாம். சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணி அது.