பத்தாயிரம் லூமென் டார்ச்: பெட்டியில் அச்சிட்டதை நம்பலாமா?

நாகரசம்பட்டியில் ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடக்கிறவருக்கும், ஓசூர் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து ஊர் நிறுத்தத்தில் இறங்குகிறவருக்கும் டார்ச் லைட் உயிர்காப்புப் பொருள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்கிறது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆகவே டார்ச் பெட்டியில் பொய் அச்சிடுவதைச் சில்லறை ஏமாற்று என்று விட்டுவிடக் கூடாது.

"10,000 லூமென், 9900 எம்ஏஎச் பேட்டரி" என்று பெட்டி சொல்கிறது. லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு, எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. உள்ளே இருப்பது 18650 எனப்படும் ஒற்றை லித்தியம் செல். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட அந்த அளவில், நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்ஏஎச் சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும். சக்தி சுமார் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்தாலும், 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். செல் எட்டு நிமிடம்கூடத் தாங்காது. அந்த 100 வாட்டுக்கு 28 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்க வேண்டும். இந்த வகை செல்லின் வரம்பு அதில் பாதிகூட இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை, அந்த எண் பொய்.

பெட்டியில் போடும் "பி50, பி70" என்ற பெயர்கள் க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எச்பி50, எக்ஸ்எச்பி70 எல்இடிகளை நினைவூட்டவே வைக்கப்படுகின்றன. ஒரே தளத்தில் நான்கு சிப்கள் கொண்டவை அவை. அசல் எக்ஸ்எச்பி70கூட 32 வாட்டில் தருவது 4,000 லூமென் அளவுதான். நான்கு சிப் என்பது மோசமான யோசனை இல்லை. ஒரே சிப்பில் மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற ஒளித்திறன் குறையும், சூடு கூடும். நான்காகப் பிரித்தால் அதே மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் சிப்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. வழவழப்பான ரிஃப்ளெக்டரிலும் ஜூம் லென்ஸிலும் அது கூட்டல் குறி போன்ற நிழலாகவோ, ஒளியின் நட்டநடுவில் மங்கலாகவோ தெரியும். நாம் உற்றுப் பார்க்கிற இடமே அந்த நடுதான். சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் இதைப் பெருமளவு மறைத்துவிடும். ஒளி எவ்வளவு தூரம் பாயும் என்பதும் லூமெனை மட்டும் பொறுத்ததல்ல. ஒளிரும் பரப்பு சிறியதாகவும் பிரகாசமாகவும், ரிஃப்ளெக்டர் அகலமாகவும் இருந்தால்தான் தூரம் போகும். மாந்தோப்பின் மறுகோடியைப் பார்க்க ஒற்றைச் சிப் டார்ச்சே பல நேரம் மேல். காலடிக்குப் பரந்த ஒளி தரும் நான்கு சிப் நல்லது. நீலம் கலந்த வெள்ளையில் செம்மண்ணும் சுருட்டைவிரியனும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், சற்று வெதுவெதுப்பான வெள்ளையையே நான் பரிந்துரைப்பேன். வாங்குமுன் கடைச் சுவரில் அடித்துப் பாருங்கள்.

பெரிய ஆபத்து செல்லில் இருக்கிறது. தரமற்ற செல் உப்பும், தீப்பிடிக்கும். கையடக்கக் கருவிகளில் வரும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். அதன் 'ஆர்' எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். எண் இல்லாத செல்லை ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

போச்சம்பள்ளி சந்தையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பில் தராமல் விற்பதே அச்சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இறக்குமதி டார்ச் என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு ஆகியவை பெட்டியில் இருந்தாக வேண்டும். செல் வெடித்து யாருக்காவது காயம் பட்டால் தயாரித்தவர் மீதும் சூழலைப் பொறுத்து விற்றவர் மீதும் பொருள் பொறுப்பு வழக்குத் தொடரலாம்.

கடைக்காரர் கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வாங்கியது எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு கெடு. லூமென், எம்ஏஎச் அச்சிட்ட பெட்டிதான் உங்கள் முதல் சாட்சி. அதைக் கிழித்துப் போடாமல் பில்லோடு சேர்த்து வையுங்கள்.