செவிநரம்புக் கட்டி: 20 ஆண்டு, 14 ஸ்கேன், 28 நாள்

டென்மார்க்கில் 1976-இல் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 3 பேருக்குச் செவிநரம்புக் கட்டி கண்டறியப்பட்டது. 2015-இல் 34 பேருக்கு. அதே காலத்தில் கண்டறியும்போதுள்ள சராசரி அளவு 26 மி.மீ.-இலிருந்து 7 மி.மீ.-ஆகச் சுருங்கியது. நோய் 11 மடங்கு பெருகிவிட்டது என்று கொள்ள இடமில்லை. எம்.ஆர்.ஐ. பரவியதால் சிறு கட்டிகளும் கணக்கில் ஏறின என்பதே பொருந்துகிறது.

வடசென்னையில் நெட்டுக்குப்பம் அடங்கிய கத்திவாக்கத்தின் மக்கள்தொகை 2011-இல் 36,617. டென்மார்க்கின் 2015 வீதப்படி இங்கே 10 ஆண்டில் சுமார் 12 பேர். 1976 வீதப்படி ஒருவர். இது வெறும் கணிப்புதான். ஆனால் கண்டறியப்படாமல் இடையில் நின்றுவிடக்கூடிய 11 பேர் கவலை தருகிறார்கள். ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் காது மந்தமானால் ‘மிஷின் சத்தம்’ என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. சத்தத்தால் வரும் காது மந்தம் பெரும்பாலும் 2 காதையும் பாதிக்கும். 1 காது மட்டும் மந்தமானாலோ, 1 காதில் மட்டும் இரைச்சல் நிலைத்தாலோ ஸ்கேன் தேவை.

கட்டி தெரிந்தாலும் உடனே கத்தி தேவைப்படுவதில்லை. 2006-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், உட்செவிக் குழாய்க்குள்ளேயே கட்டி இருந்த 230 பேரில் வளர்ச்சி கண்டது 39 பேருக்கு, அதாவது 17%. அந்த 39-இல் முதல் ஆண்டில் 25, இரண்டாம் ஆண்டில் 9, மூன்றாம் ஆண்டில் 2, நான்காம் ஆண்டில் 3. முதல் 2 ஆண்டில் மட்டும் 87%. குழாயைத் தாண்டிய 322 கட்டிகளில் வளர்ந்தவை 28.9%. 2023-இல் வெளியான நார்வே ஆய்வில், கண்காணிப்பில் வைக்கப்பட்ட 50 பேரில் 28 பேருக்கு (56%) 4 ஆண்டு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. 21 பேருக்கு (42%) கட்டி வளர்ந்ததால் கதிர்வீச்சு தரப்பட்டது.

இப்படிக் கண்காணிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதலை ஒட்டி, கண்டறியும்போது 1 ஸ்கேன், 6-ஆம் மாதம் 1, பின் 5 ஆண்டு ஆண்டுக்கு 1, அதன்பின் 2 ஆண்டுக்கு 1 என்று வைத்தால் 20 ஆண்டில் 14 ஸ்கேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக மையங்களில் ஒரு ஸ்கேனுக்கு ரூ.2,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.35,000, ஆண்டுக்கு ரூ.1,750.

நாள் கணக்கு இதைவிடப் பாரமானது. நெட்டுக்குப்பத்திலிருந்து சென்ட்ரல் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. ஸ்கேனுக்கு 1 நாள், டாக்டரிடம் காட்ட 1 நாள் என்றால் 28 நாள், 1,120 கி.மீ. அதில் 14 நாள் முதல் ஐந்தரை ஆண்டிலேயே வந்துவிடும். கூலி நாளுக்கு ரூ.800 என்று வைத்துக்கொண்டால் இழப்பு ரூ.22,400. தலைசுற்றல் உள்ளவரைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் போனால் ரூ.44,800. ஸ்கேன் கட்டணத்தைவிட இது ரூ.9,800 அதிகம். ஸ்கேனும் ஆலோசனையும் ஒரே நாளில் நடந்தால் ரூ.22,400 மிச்சம், கட்டணத்தைப் பாதியாக்கினாலும் மிஞ்சுவது ரூ.17,500 மட்டுமே.

கட்டியின் அளவு 2 மி.மீ.-க்கு மேல் கூடினால்தான் பொதுவாக வளர்ச்சி எனக் கொள்கிறார்கள். ஸ்கேலில் 2 கோடு. அதைக் காண முதல் படம் வேண்டும். கடலோர வீட்டில் பரண்மேல் கிடக்கும் பிலிம் உறை ஈரத்தில் ஒட்டிப்போய், மருத்துவமனையிலும் பதிவு கிடைக்காவிட்டால், 7-ஆம் ஸ்கேன் மீண்டும் 1-ஆம் ஸ்கேன் ஆகிவிடும். அதற்குமுன் கட்டிய 6 × 2,500 = ரூ.15,000-உம், போய்வந்த 12 நாளும் திரும்பி வராது.