விரல் போனது; கிதார் போகவில்லை!
வலியோடு வாசித்தவர்கள் கதை: திண்டிவனத்துக்கும் இதில் பங்கு

விழுப்புரம்,–

பகலில் லேத் பட்டறை, கரும்பு மெஷின், மெக்கானிக் ஷெட். ராத்திரியானால் கோவில் திருவிழா மேடையிலோ, கல்யாண வீட்டிலோ, மாதா கோவில் பாட்டுக் குழுவிலோ கிதார். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரே கையை நம்பி இப்படி இரண்டு வேலை பார்க்கும் வாலிபர்கள் உண்டு.

அந்தக் கை மெஷினில் மாட்டினால்?

"அவ்வளவுதாம்பா! இனி கிதாரைத் தூக்கிப் பரண்ல போட்டுடு." ஊர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

அப்படிப் பரணில் போடாத 2 பேர் உலகப் புகழ் பெற்றார்கள். அதன் விவரம் வருமாறு:–

கடைசி நாள் வேலை

இங்கிலாந்து நாட்டு பர்மிங்காம் நகரைச் சேர்ந்தவர் டோனி அயோமி. 1965–ம் ஆண்டு அவருக்கு வயது 17. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் பார்த்து வந்தார். வாத்தியக் கோஷ்டியோடு வெளிநாடு போக ஏற்பாடாகி இருந்தது. அன்றுதான் வேலையில் கடைசி நாள்.

பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழக்கம் இல்லாத அயோமியை அதில் நிறுத்தினார்கள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், "திரும்பிப் போகவில்லை" என்றார். அம்மா விடவில்லை. "வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று அனுப்பி வைத்தார்.

போனார். மெஷின் வலது கையில் இறங்கியது. நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் துண்டாகின. அயோமி இடது கை பழக்கம் உள்ளவர். ஆகவே கம்பியை அழுத்துவது வலது கைதான். போனது அந்தக் கை!

இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பையன் இடிந்து போனான். அப்போது தொழிற்சாலை மானேஜர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். கேட்க மனம் இல்லாதவனை வற்புறுத்திக் கேட்க வைத்தார். நன்றாக இருக்கிறது என்று பையன் சொன்ன பிறகுதான் விஷயத்தை உடைத்தார். வாசித்தவருக்கு வேலை செய்வது 2 விரல்தான்!

தீயில் கருகிய கை

அந்த இசைத்தட்டுக்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட். பெல்ஜியத்தில் பிறந்த ஜிப்சி. பாரீஸ் அருகே கூண்டு வண்டியில் குடியிருந்தார். 1928–ல் ஒருநாள் இரவு, மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாயிட் பூக்களில் மெழுகுவர்த்தி நெருப்பு பற்றியது. வண்டி எரிந்தது. ஜாங்கோவுக்கு அப்போது 18 வயது.

காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஜாங்கோ சம்மதிக்கவில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிப் போயின. படுக்கையில் கிடந்தவருக்குத் தம்பி ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். மிஞ்சிய 2 விரலை வைத்து வாசிப்பையே புதிதாக அமைத்துக் கொண்டார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. முடிந்த இடத்தில் அவற்றாலும் கம்பியை அழுத்தினார். 1934–ல் அவர் சேர்ந்து அமைத்த கோஷ்டி ஐரோப்பாவையே தலையாட்ட வைத்தது.

பாட்டிலில் செய்த விரல்

இதைக் கேட்ட அயோமி சும்மா இருப்பாரா? பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். தொப்பி போலச் செய்து, தேய்த்து, மேலே தோல் ஒட்டி விரலில் மாட்டினார். தடித்த கம்பி வலித்தது. பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய கம்பியைப் பூட்டினார். பிற்பாடு சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார்.

அந்தத் தளர்ந்த கம்பியின் கனத்த சத்தமே அவருடைய 'பிளாக் சபாத்' கோஷ்டிக்கு அடையாளம் ஆனது. முதல் ஆல்பம் 1970–ல் வந்தது. 2025 ஜூலை 5–ந் தேதி, 77 வயதில், பிறந்த ஊரிலேயே அந்தக் கோஷ்டியின் கடைசி மேடையில் அயோமி வாசித்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

கை சிகிச்சை என்றாலே வேலூர் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். அதற்கு விதை விழுந்தது திண்டிவனத்தில்! 1890–களின் தொடக்கத்தில், பிரசவ வலியில் துடித்த 3 பெண்களுக்காக ஒரே இரவில் 3 பேர் மிஷன் பங்களா கதவைத் தட்டினார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றார்கள். 3 பெண்களும் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து வந்து, 1900–ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார்.

அந்த வேலூருக்கு 1946–ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை, தசைநார் மாற்றும் ஆபரேஷன் மூலம் நிமிர்த்தினார். அந்த நோயாளிகளுக்கு விரல் தானாக அழுகி விழவில்லை என்றும் கண்டறிந்தார். வலி தெரியாததால் காயம் பட்டதே தெரியாமல், புண் முற்றி விரல் போகிறது என்றார். வலி என்பது எதிரி அல்ல, காவல்காரன் என்பது அவர் கட்சி.

வலியோடு வாசிப்பவர்களுக்கு

கிதார்காரர்களுக்கும் இது பொருந்தும். புதிதாகப் பழகும்போது விரல் நுனி காய்ப்பு ஏறும் வரை எரிவது சகஜம். ஆனால் விரல் மரத்துப்போவது, ராத்திரியில் மணிக்கட்டு குத்துவது, மடக்கிய விரல் சிக்கிக்கொள்வது இவையெல்லாம் காவல்காரன் ஊதும் விசில். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது வீரம் அல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மெல்லிய கம்பி, அரைச் சுருதி இறக்கம், கால் மணிக்கு ஒரு முறை ஓய்வு ஆகியவை கைகொடுக்கும். விரலால் அழுத்தவே முடியாதவர்கள் கிதாரை மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டை உருட்டி வாசிக்கலாம். நம் கோட்டுவாத்தியமும் கட்டையை நகர்த்தி வாசிப்பதுதானே!

விரல் துண்டானால்...

மெஷினில் விரல் துண்டானால் வெட்டுப்பட்ட கையைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலைத் தூக்கி எறியக் கூடாது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐசில் வைத்தால் கெட்டுவிடும். உடனே 108–க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவுக்கு விரலை ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. சென்னை அரசு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருப்பது குறிப்பிடத்தக்கது.

ஒட்டவைக்க முடியாமல் போனாலும், கிதாரைப் பரணில் போட அவசரப்பட வேண்டாம்.